நான்காவது படி

எங்கள் சித்தப்பாவிடம் கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டால் அடியிலோ மீட்டரிலோ பதில் வராது. படியில்தான் வரும். போர்ட் பிளேரில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஜெட்டி இருக்கிறது. (ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்.) அந்த ஜெட்டியிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் சிமென்ட் படிகளை மேலிருந்து எண்ண வேண்டும். 2004-க்கு முன்னால் பௌர்ணமி ஏற்றத்தில் தண்ணீர் ஒன்பதாவது படியில் வந்து நிற்கும். அந்த டிசம்பருக்குப் பிறகு மூன்றாவது படி. படகு கட்டுகிறவர்களுக்கு ஆறு படி வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

சித்தப்பா அப்போதிருந்தே எண்ணிக்கொண்டு வருகிறார். சில ஆண்டுகள் கழித்து ஒரு நாள் போனில், "டேய், நாலாவது படி வெளியே தெரியுதுடா" என்றார். சர்வே படிப்பு முடித்துவிட்டு மெயின்லேண்டில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம் அது. அவர் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் அதே விஷயத்தை ஜிபிஎஸ் கருவிகளும் சொல்லிக்கொண்டிருந்தன: போர்ட் பிளேர் மெல்ல மேலே வந்துகொண்டிருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடத் தொடங்கியது. நிற்க முடியவில்லை. அம்மா என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தது நினைவிருக்கிறது. எவ்வளவு நேரம் ஆடியது என்பது நினைவில் இல்லை. நிலத்துக்கடியில் நடந்த உடைப்பு சுமத்ராவுக்கு வடமேற்கே தொடங்கி வடக்கு அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது, அதற்கு எட்டுப் பத்து நிமிடம் பிடித்தது என்பதையெல்லாம் பிற்பாடுதான் படித்தேன். அப்புறம் கடல் வந்தது. அன்று போனவர்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. கார் நிகோபாரிலும் கட்சாலிலும் எங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. அலை திரும்பிப் போன பிறகும் தண்ணீர் முழுதாகப் போகவில்லை. சிப்பிகாட் பக்கம் நெல் விளைந்த நிலங்களில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கடல் உள்ளே வந்தது, வந்தது தங்கிவிட்டது. தென்னைகள் நின்ற இடத்திலேயே மொட்டையாகிப்போயின. ரோட்டை உயர்த்தினார்கள். இன்று அங்கே பறவை பார்க்க கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் நிற்கிற இடம் யாரோ ஒருவரின் வயல்.

எல்லாரும் "கடல் ஏறிடுச்சு" என்றுதான் சொன்னோம். கண்ணுக்குத் தெரிந்தது அதுதானே. ஆனால் வடக்கு அந்தமானில் நடந்தது நேர்மாறு. எப்போதும் நீருக்கடியில் இருந்த பவளப்பாறைகள் வெளியே வந்து, வெயிலில் வெளுத்துச் செத்தன. கடல் ஏறியிருந்தால் அங்கேயும் ஏறியிருக்க வேண்டும். தெற்கே நிலம் இறங்கியது, வடக்கே எழும்பியது. நிகோபாரின் தென்கோடியில் இந்திரா முனை கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துகொண்டது. தீவு வரிசையே ஒரு பலகை மாதிரி சாய்ந்துவிட்டது.

நிலம் இறங்கியதையாவது படியை எண்ணிக் கண்டுபிடிக்கலாம். பக்கவாட்டில் நகர்ந்ததை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. போர்ட் பிளேர் அன்று மேற்கு, தென்மேற்காக ஏறத்தாழ 3 மீட்டர் போயிருக்கிறது. வீடு, கிணறு, ஜெட்டி, பள்ளிக்கூடம், எதிரே தெரிகிற மலை எல்லாம் சேர்ந்தே போயின. சென்னையிலிருந்து கப்பலில் வருகிறவர் கீழ்த்தளத்தில் படுத்துத் தூங்கினால் கப்பல் நகர்வது தெரியுமா? மேலே வந்து எட்டிப் பார்க்க வேண்டும். தீவுக்கு எட்டிப் பார்க்கக் கிடைத்த வெளி, 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள்.

போனில் இருக்கும் ஜிபிஎஸ் சில மீட்டர் முன்னே பின்னே காட்டும். அதை வைத்து நில நகர்வை அளக்க முடியாது. நாங்கள் சர்வேயில் பயன்படுத்தும் கருவி வேறு விதமாக வேலை செய்கிறது. செயற்கைக்கோள் அனுப்பும் ரேடியோ அலையில் இருக்கிற செய்தியோடு நிற்காமல் அந்த அலையையே அளக்கிறது. ஓர் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர், இன்னொன்று 24 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். அலையின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை அதன் நூறில் ஒரு பங்கு வரை பிரித்துச் சொல்ல முடிந்தால் கணக்கு மில்லிமீட்டருக்கு வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், கோளுக்கும் நமக்கும் நடுவில் மொத்தம் எத்தனை முழு அலைகள் இருக்கின்றன என்பது கருவிக்குத் தெரியாது. கோள்கள் வானத்தில் நகர நகர, பல மணி நேரம் விடாமல் பதிவு செய்தால்தான் அந்த எண்ணிக்கை பிடிபடும். நடுவில், வளிமண்டலத்தின் மேலடுக்கில் மின்னேறிய துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் அலையைத் தாமதப்படுத்தும். இரண்டு அலைகளை ஒப்பிட்டு அதைக் கழித்துவிடலாம். காற்றில் இருக்கும் ஈரம்தான் பெரிய தலைவலி. அந்தமான் மாதிரி நசநசப்பான ஊரில் உயரத்தை அளப்பது கிடைமட்டத்தை அளப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு கஷ்டம்.

இதையெல்லாம் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே ஒரு போல்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். 2010-இல் காலேஜ் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த ஓர் ஆய்வுக் குழுவுக்குச் சாமான் தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். கடற்கரைக்கு மேலே, புதருக்குள் ஒரு பாறை. அதில் துளை போட்டு, பிசின் ஊற்றி, அளக்க வேண்டிய புள்ளிக்கு அடையாளமாகப் பதித்த ஸ்டீல் போல்ட். தலையில் ஆணி முனை அளவுக்கு ஒரு குழி. அந்தக் குழிக்கு நேர் மேலே ஆன்டெனா உட்கார வேண்டும். முக்காலியை விரித்து, கால்களை அழுத்தி, மணல் மூட்டை வைத்து, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, லென்ஸ் வழியாகக் குனிந்து பார்த்தால் குழி கொஞ்சம் தள்ளித் தெரியும். அதைச் சரி செய்தால் குமிழி ஓடிவிடும். குமிழியைப் பிடித்தால் குழி ஓடிவிடும். அரை மணி நேரம் ஆனது.

அப்புறம் ஆன்டெனாவின் உயரத்தை அளக்க வேண்டும். குழுவை நடத்திய சார் மூன்று பக்கமும் டேப் பிடித்து அளந்து தாளில் எழுதினார். எழுதியதைக் கையால் மறைத்துக்கொண்டு, "நீ அள" என்றார். நான் அளந்ததும் இரண்டையும் ஒத்துப் பார்த்தார். 2 மில்லிமீட்டர் வித்தியாசம். மறுபடி அளக்கச் சொன்னார். எனக்கு அப்போது கொஞ்சம் எரிச்சல். 3 மீட்டர் நகர்ந்த ஊரில் 2 மில்லிமீட்டருக்கு என்ன இவ்வளவு பாடு என்று கேட்டேவிட்டேன்.

"3 மீட்டர் போனது முடிஞ்ச கதை. இப்ப அது மில்லிமீட்டர்லதான் பேசுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, போல்ட்டைக் காட்டி, "இந்த மிஷின் இன்னும் நூறு வாங்கலாம். 2004-க்கு முன்னாடி வெச்ச போல்ட்டை இனிமே யாராலயும் வைக்க முடியாது" என்றார்.

அங்கேயே மூன்று நாள் பகலும் இரவும் மாறி மாறிக் காவல் இருந்தோம். ரிசீவரில் ஒரு பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டே இருக்கும். வேறு எதுவுமே நடக்காது. நிலம் பேசுவதைக் கேட்பது இவ்வளவு சத்தமில்லாத வேலையாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அவர் சொன்னதன் கனம் பிறகுதான் புரிந்தது. தொண்ணூறுகளின் கடைசியிலேயே போர்ட் பிளேரில் சிலர் ஜிபிஎஸ் வைத்து அளந்திருந்தார்கள். இந்திய நிலத்துக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே இருக்கும் தூரம் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் வீதம் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். இந்தியாவைச் சுமக்கும் பாறைத் தட்டு, தீவுகளுக்கு மேற்கே உள்ள கடலடி அகழியில் தீவுகளுக்கு அடியில் செருகுகிறது. செருகும் இடம் பூட்டிக்கொண்டால் மேலே இருக்கும் நிலமும் கூடவே இழுபட்டு அமுங்கும். வில்லை வளைப்பது மாதிரி. 3 மீட்டரை ஒன்றரை சென்டிமீட்டரால் வகுத்துப் பாருங்கள், 200 ஆண்டு வரும். நிலம் இவ்வளவு எளிய கணக்குக்குக் கட்டுப்படாதுதான். ஆனாலும் அந்த வகுத்தலை முதன்முதலில் போட்ட அன்று நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் தாத்தா கப்பலேறி இந்தத் தீவுக்கு வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே வில் வளையத் தொடங்கியிருக்கிறது.

2005 ஜனவரியில் குழுக்கள் வந்து பழைய போல்ட்டுகளின் மேல் மறுபடி ஆன்டெனா வைத்தன. அந்தமான் நிகோபார் வரிசை நெடுக 1.5 மீட்டரிலிருந்து 6.5 மீட்டர் வரை நிலம் தென்மேற்காக நகர்ந்திருந்தது. கார் நிகோபாரில்தான் அதிகம். போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கியிருந்தது. சித்தப்பாவின் ஆறு படியும் அதே அளவுதான்.

தூரத்திலும் தெரிந்தது. தாய்லாந்தின் புக்கெட் 27 சென்டிமீட்டர் நகர்ந்தது. பெங்களூரில் இருக்கும் நிலையம் சுமார் ஒரு சென்டிமீட்டர் கிழக்கே வந்தது, தீவுகள் மேற்கே போக, இந்தியா கிழக்கே வர, இரண்டும் அகழியை நோக்கி. சென்னையும் கிழக்கே அசைந்துதான் இருக்க வேண்டும். அன்று காலை மெரினாவில் நடந்துகொண்டிருந்தவர்களின் காலுக்கடியில் கரை மில்லிமீட்டர் கணக்கில் கடலைப் பார்த்து நகர்ந்தது என்று நினைத்தால் எனக்கு இன்னும் என்னவோ செய்கிறது.

இதில் தொழில்காரர்களுக்கு வேறொரு கவலையும் வந்தது. ஒரு புள்ளி நகர்ந்தது என்று சொல்ல நகராத புள்ளி ஒன்று வேண்டும். பெங்களூர் நிலையமே நகர்ந்துவிட்டால் அதை எப்படி நம்புவது? அளவுகோலே அசைந்துவிட்டது. 3,000 கிலோமீட்டர் தள்ளியும் சில மில்லிமீட்டர் தாவல் பதிவானது. உலகம் முழுக்க இருக்கும் நிலையங்களை ஒன்றாகப் போட்டு, எது எவ்வளவு தாவியது என்று சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

சரி, பூகம்பத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். ஆட்டம் நின்ற பிறகும் நிலம் நகர்ந்துகொண்டே இருந்தது. முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, அப்புறம் இன்னும் மெதுவாக. தோராயமாகச் சொன்னால், முதல் நாளிலிருந்து பத்தாவது நாள் வரை நகர்ந்த அளவு மறுபடி நகர நூறாவது நாள் ஆகும். அடுத்து அதே அளவுக்கு ஆயிரமாவது நாள். வரைந்து பார்த்தால் செங்குத்தாக ஏறிப் பின் படுத்துக்கொண்டே போகும் கோடு வரும்.

காரணம் இரண்டு. பூகம்பத்தின்போது உடையாமல் நின்ற பகுதி, முக்கியமாக ஆழத்தில் இருப்பது, பக்கத்தில் ஏற்பட்ட இழுப்புக்குத் தாளாமல் சத்தமில்லாமல் வழுக்குகிறது. ஒரு ஆட்டமும் இருக்காது, நிலநடுக்கமானிக்குக் கூடத் தெரியாது, ஜிபிஎஸ்ஸுக்குத்தான் தெரியும். போர்ட் பிளேரை மேற்கே தள்ளிக்கொண்டே மெல்லத் தூக்கியதும் இந்த வழுக்கல்தான். இரண்டாவது, இன்னும் ஆழத்தில் சூடேறிய பாறை வெல்லப்பாகு மாதிரி மிக மெதுவாக வழிந்து தன்னைச் சரி செய்துகொள்கிறது. அது பல பத்தாண்டுகள் நீளும். 1960-இல் சிலியிலும் 1964-இல் அலாஸ்காவிலும் வந்த பெரும் பூகம்பங்களின் மிச்ச நகர்வை நாற்பது ஆண்டு கழித்தும் ஜிபிஎஸ்ஸில் பார்த்திருக்கிறார்கள். புக்கெட்டும் அன்று 27 சென்டிமீட்டரோடு நிற்காமல் ஆண்டுக்கணக்கில் நகர்ந்துகொண்டே போனது.

ஜனவரியில் அளந்த குழுக்களுக்கு அதனால்தான் ஒரு சங்கடம். டிசம்பர் 26 காலைக்கும் அவர்கள் முக்காலி விரித்த நாளுக்கும் நடுவே சில வாரங்கள். நிலம் மிக வேகமாக ஊர்ந்த வாரங்கள் அவை. அவர்கள் அளந்த எண்ணில் பூகம்பத்தின் தாவலும் அதன் பிறகான ஊர்தலும் கலந்தே கிடந்தன. அந்த நாள்கள் திரும்பி வரப்போவதில்லை.

ஜப்பானில் அந்தக் குறை இல்லை. அங்கே பெரும் பூகம்பம் வந்த 2011 மார்ச் 11 அன்று அந்த நாட்டில் 1,200-க்கும் மேற்பட்ட ஜிபிஎஸ் நிலையங்கள் ஓயாமல் பதிந்துகொண்டிருந்தன. ஓஷிகா தீபகற்பத்தில் இருந்த நிலையம் 5.3 மீட்டர் கிழக்கு, தென்கிழக்காகப் போய் 1.2 மீட்டர் இறங்கியது. கடலுக்கடியில் ஜிபிஎஸ் அலை எட்டாது. அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கப்பலின் இடத்தை ஜிபிஎஸ்ஸில் பிடித்து, கடலடியில் வைத்த கருவிகளோடு ஒலியால் பேசி, கடல்தரை 24 மீட்டர் நகர்ந்திருப்பதைக் கண்டார்கள். டோக்கியோவில் நாட்டின் எல்லா நில அளவைகளுக்கும் மூலமாக இருக்கும் புள்ளி 27.67 சென்டிமீட்டர் கிழக்கே போய்விட்டது. உயரத்துக்கான மூலப்புள்ளி 24.4140 மீட்டரிலிருந்து 24.3900 மீட்டருக்கு இறங்கியது. புதிய எண்களைச் சட்டத்திலேயே மாற்றி எழுதினார்கள். நிலம் அளப்பவனாக அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு நாடு தன் புள்ளி நகர்ந்துவிட்டதை ஒப்புக்கொண்டு திருத்தி எழுதுவதைப் பார்க்கிற கலக்கம் அது.

மியாகி மாகாணத்தின் மீன்பிடித் துறைமுகங்களில் நடந்ததுதான் எங்கள் ஜெட்டிக்கு நெருக்கமான கதை. நிலம் இறங்கியதால் படகுத்துறைகளை உயர்த்திக் கட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நிலம் திரும்ப மேலே வந்தது. துறை இப்போது படகுக்கு எட்டாத உயரத்தில் நின்றது. கட்டியதை வெட்டிக் குறைக்க வேண்டியதாயிற்று. பூகம்பத்துக்குப் பிந்திய நகர்வு என்பது ஆராய்ச்சிக்காரர்களின் வரைபடத்துக்குள் மட்டும் இருக்கிற விஷயமில்லை. மீன் கூடையைத் தூக்குகிறவரின் இடுப்பு வரை வருகிறது.

ஒரு விஷயம் மட்டும் என்னை இன்றுவரை விடவில்லை. 2004 அன்று ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் சொன்ன அளவு 8.0. ஒரு மணி நேரம் கழித்து 8.5. உண்மையில் அது 9.1. ஆற்றல் கணக்கில் 8.0-க்கும் 9.1-க்கும் நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். நிலநடுக்கமானிகளுக்கு இவ்வளவு பெரிய, இவ்வளவு நேரம் நீளும் பூகம்பத்தை உடனே எடை போடுவது கடினம். 2006-இல் நெவாடா பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி பிளூவிட்டும் உடன் பணியாற்றியவர்களும் அன்றைய ஜிபிஎஸ் பதிவுகளையே எடுத்துக் கணக்கிட்டு, பூகம்பம் தொடங்கிய 15 நிமிடத்துக்குள் கிடைத்த தரவே அதன் உண்மையான அளவைச் சொல்லப் போதுமானதாக இருந்தது என்று காட்டினார்கள். தமிழ்நாட்டுக் கரையை அலை தொட்டபோது மணி ஒன்பதை ஒட்டி இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அந்தப் பதிவுகள் அன்று உடனுக்குடன் யாருக்கும் வந்து சேரவில்லை, வந்திருந்தாலும் நாகப்பட்டினத்துக்குச் சொல்ல வழி இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த 15 நிமிடத்தை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. எண் பிறந்திருந்தது. கேட்க யாரும் இல்லை.

2007-இல் ஹைதராபாத்தில், கடல் தகவல் சேவைகளுக்கான இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. பிறகு தீவுகளிலும் உடனுக்குடன் தரவு அனுப்பும் நிலையங்கள் வந்திருக்கின்றன. ஊருக்குப் போகும்போது எங்காவது வேலிக்குள், ஆன்டெனாவை மூடியிருக்கும் அந்த வெள்ளைக் குவிமாடம் தெரிந்தால் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

போன வருடம் அந்தப் பழைய போல்ட்டைத் தேடிப் போனேன். புதர் இல்லை. பாறை இருந்த இடத்தில் ஒரு தடுப்புச் சுவர், கீழே கான்கிரீட். வேலை எடுத்தவர்களுக்கு அது துருப்பிடிக்காத ஒரு பழைய போல்ட், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பலகையாவது இருந்திருக்கலாம். கான்கிரீட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றேன், பிறகு சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஜெட்டிக்கு மேலே உள்ள பாறையில் நானே ஒரு போல்ட் பதித்தேன். இடக் குறிப்பு எழுதி, நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இது என்ன என்று சொல்லி வைத்தேன். சொந்த ரிசீவரைக் கொண்டுவந்து மூன்று நாள் ஓட விட்டேன். சித்தப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. நாற்காலி போட்டுப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆன்டெனா உயரத்தை நான் அளந்துவிட்டு, எண்ணை மறைத்துக்கொண்டு அவரை அளக்கச் சொன்னேன். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்.

மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டும்போது, "எவ்வளவு நகர்ந்திருக்கு?" என்று கேட்டார்.

"இப்ப ஒரு அளவுதானே இருக்கு சித்தப்பா. அடுத்த வருஷம் வந்து இன்னொண்ணு எடுத்தாத்தான் சொல்ல முடியும்" என்றேன்.

"சரி, வா" என்றார். அன்று சாயங்காலம் ஏற்றத்தில் தண்ணீர் நின்ற இடத்தில், நான்காவது படியின் ஓரமாக, பெயிண்டால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினார்.